உப்பரசனை எதால் அடிப்பது?

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சொல்லிக்கொள்ள இன்னும் கொஞ்சம் மரியாதையான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் கணவர் நரசிம்மன் செல்போனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அணுமின் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, அணுபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டேன். அவர் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

"கல்மாடன். கத்தியை எடுக்காதே. கத்திதான் கெட்டுப்போகும். சம்மட்டி எடு. முழங்காலில் அடி. கொஞ்ச நேரத்தில் உட்காருவான். உட்கார்ந்துவிட்டானே என்று பாவம் பார்க்காதே."

படித்துவிட்டு இன்னொரு தடவை சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா எழுதறா இல்ல?" என்றார்.

வாசகரே, நான் எழுத்தாளர். பெயர் பிரதீபா. உங்களுக்குத் தெரிந்திருக்காது, பரவாயில்லை, பழகிவிட்டது. இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு வரியைக்கூட இந்த மனிதர் இந்த ஹாலில் சத்தமாகப் படித்ததில்லை. இப்போது ஒரு கல் பூதத்தின் முழங்காலை எப்படி உடைப்பது என்று எவளோ எழுதியதை இரண்டு தடவை படிக்கிறார்.

எனக்கு வயிறு எரிந்தது. அன்று சாயங்காலமே லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள். அழிக்க மனசில்லை, அப்படியே விடுகிறேன்.

அ) "மாமல்லபுரத்தில் உளிச்சத்தம் கேட்டுக் கண்விழிக்கும் ஒவ்வொரு காலையிலும்

[நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் கட்டர் மிஷின் சத்தம்தான் கேட்கிறது. தவிர, நான் கண்விழிப்பது அணுபுரத்தில், குக்கர் சத்தத்தில்.]

ஆ) "சுப்பிரமணி ஒரு கவிஞன். அவனுடைய நண்பனின் கவிதை ஒன்றை ஊரே பாராட்டியபோது, சுப்பிரமணியின் நெஞ்சுக்குள் ஏதோ

[இதில் கொஞ்சதூரம் போனேன். பொறாமைப்படுகிறவரை ஆணாக மாற்றினால் கௌரவமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. ஆண் எழுத்தாளர் பொறாமைப்பட்டால் அதற்கு இலக்கியச் சர்ச்சை என்று பெயர். பெண் எழுத்தாளர் பொறாமைப்பட்டால் குழாயடிச் சண்டை. ஆனால் சுப்பிரமணி உயிரோடு வரவில்லை. பாதியிலேயே எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான், திரும்பி வரவேயில்லை. நானே வரவேண்டியதாயிற்று.]

இ) "அண்டை வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டாளாம் ஒருத்தி."

[பழமொழி. இதையே தொடக்கமாக வைத்திருக்கலாம். ஆனால் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. பிறகு நான் எதற்கு?]

3

வீடியோ கேம் ஆடாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். நானும் ஆடாதவள்தான். எல்லாம் பக்கத்து அறையிலிருந்து காதில் விழுந்தே கற்றுக்கொண்டது.

கேமின் பெயர் 'ஏழாம் கோட்டை'. வீரன் ஒருவனை உருவாக்கி, கோட்டை கோட்டையாக ராட்சசர்களை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ராட்சசர்களில் பல இனம். கல் இனத்தை வெட்ட முடியாது, உடைக்கத்தான் முடியும், அதனால் சம்மட்டி. சேற்று இனத்தைச் சம்மட்டியால் அடித்தால் சம்மட்டி உள்ளே போய்விடும். தீயால் காயவைத்துவிட்டு அப்புறம் அடிக்க வேண்டும். நண்டு மாதிரி ஓடு போர்த்தியவற்றுக்கு மூட்டு இடுக்கில் ஈட்டி. பறப்பவற்றுக்கு அம்பு. ஆவிகளை இரும்பு ஒன்றும் செய்யாது. பிரச்சினை என்னவென்றால், எது எந்த இனம் என்று பார்த்தவுடன் தெரியாது. கல் மாதிரி நிற்கும், சேறாக இருக்கும். தப்பான ஆயுதத்தோடு போனால் கதை முடிந்தது.

அதனால் ஆடுகிறவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு கையேடு வைத்திருக்கிறார்கள். தமிழில். யார் வேண்டுமானாலும் போய் எழுதலாம், யார் எழுதியதையும் திருத்தலாம். ஆனால் நடப்பில் அதை எழுதுவது ஒரே ஆள்தான், செங்கல்பட்டுக்காரி சாராள். ஒவ்வொரு ராட்சசனிடமும் போய்ச் செத்துச் செத்துப் பார்த்து, எதற்கு எது சரிப்படும் என்று கண்டுபிடித்து எழுதுகிறாள். அவளும் என் கணவரும் ஒரே டீம்.

என் கணவரின் வீரனுக்கு வல்லத்தான் என்று பெயர். வல்லம் என் மாமனாரின் ஊர். போன வருடம் மாமனார் தவறினார். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, என் கணவர் கொஞ்ச நாள் யாரிடமும் பேசவில்லை. கேமைப் போட்டு, வல்லத்தானை ஒரு காட்டு வழியில் சும்மா நடக்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டையே போடவில்லை. அவன் நடப்பான், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் போய் உட்காருவேன். அப்போது எனக்கு அந்த வல்லத்தானைப் பிடித்திருந்தது.

வல்லத்தானுக்கு ஒரே உயிர்தான். கேமில் அப்படி ஒரு முறை இருக்கிறதாம், கஷ்டமானது. சாராள் ஆடுவது செத்தாலும் எழுந்துவிடுகிற சாதாரண முறை, இவர் எடுத்தது இது. செத்தால் செத்ததுதான். மறுபடி எழுப்ப முடியாது, புதிதாக ஒருவனை முதல் கோட்டையிலிருந்து வளர்க்க வேண்டும்.

(இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்த மாதிரி நடந்துகொள்ளப்போகிறேன்.)

4

பொறாமைக்காரர்கள் இரண்டு வகை. எதிராளியை இடிக்கப் பார்ப்பவர்கள், எதிராளியைவிட நன்றாகச் செய்து காட்டப் பார்ப்பவர்கள். நான் முதலில் இரண்டாவது வகையாகத்தான் இருந்தேன். நான் பிறவியிலேயே கெட்டவள் இல்லை என்பதற்கு இதைச் சாட்சியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையேட்டில் 'சேற்றுமாடன்' என்ற தலைப்பு காலியாக இருந்தது. 'வாசகி' என்ற பெயரில் கணக்கு ஆரம்பித்து உட்கார்ந்தேன். ஒரு பகல் முழுக்க எழுதினேன். ஏரி வற்றிய பிறகு அடியில் தங்கிப்போன ஈரம் எப்படி மெதுவாக உருவம் கொள்கிறது, தன்மேல் கால்வைத்த ஒவ்வொருவரின் தடத்தையும் அது எப்படி உடம்பில் வைத்திருக்கிறது என்றெல்லாம். நானே சொல்லக்கூடாது, நன்றாக வந்திருந்தது. ஓர் இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

பதிவேற்றிவிட்டு, மாவாட்டி எடுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தால், காணோம். முழுவதும் தூக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் குறிப்பு என்ற இடத்தில் சாராள் எழுதியிருந்தாள்:

"அழகா கீது. ஆனா எதால அடிக்கறது?"

அதன் கீழே அவளுடைய சேற்றுமாடன் வந்திருந்தான். தீப்பந்தம், காயும்வரை பொறு, பிறகு சம்மட்டி. முடிந்தது.

எத்தனையோ விமர்சனம் பார்த்திருக்கிறேன். 'மொழிநடையில் கவனம் தேவை' என்று எழுதியிருக்கிறார்கள். 'ஆசிரியர் இன்னும் வாழ்க்கைக்குள் இறங்க வேண்டும்' என்று, ஈசிச்சேரிலிருந்து இறங்காத ஒருவர் எழுதினார். எதுவும் இப்படித் தைத்ததில்லை. அன்றைக்கு முழுக்க நான் எழுதிய கதைகளை ஒவ்வொன்றாக நினைத்து, எதால அடிக்கறது, எதால அடிக்கறது என்று கேட்டுக்கொண்டேயிருந்தேன். ஒரு கதைக்கும் பதில் இல்லை.*

* பின்னால் யோசித்தபோது, கதை என்றால் பதில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று பட்டது. ஆனால் பின்னால் யோசித்தால் எல்லோருக்கும்தான் பதில் வரும்.

5

அவளை நேரில் பார்த்தேன். இந்த இடத்தில் கதைக்கு ஒரு சந்திப்பு தேவைப்படுகிறது, நல்லவேளையாக அது நடக்கவும் செய்தது.

டீமில் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் கூடினார்கள். "நீயும் வாயேன், சும்மா வூட்ல குந்திகினு இன்னா பண்ணப்போற?" என்றார் என் கணவர். கலம்காரிப் புடவை கட்டிக்கொண்டு போனேன். எதிரியைப் பார்க்கப் போகும்போது கவசம் முக்கியம்.

மீன் வறுக்கிற கடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். சாராள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். என் வயதுதான் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் நடுவில் வைத்தாள், எங்கள் தட்டுகள் ஒதுங்கின. ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் ஒன்றில் ரிப்போர்ட் அடிக்கிறாளாம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு. கூடுதல், குறைவு, சரி. அவளுடைய வாக்கியங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததில் பொறாமை குறையவில்லை.

"அண்ணாத்த, இவங்கதான் அண்ணியா?" என்றாள்.

அண்ணாத்த என்று கூப்பிட்டதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள், ஓஹோ, புருஷன் விஷயம் இல்லையா என்று. இல்லை. இவள் அவரைக் காதலித்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், திருச்சிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன், எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அவர் இவளைப் படிக்கிறார். அதற்கு எந்தப் பஞ்சாயத்தில் போய் நியாயம் கேட்பது?

வஞ்சிரம் வந்தது. சாராள் எலும்பைத் துப்பிவிட்டு, "ஒரு தமாஸு கேளுங்க. யாரோ ஒருத்தி சேத்துமாடனுக்கு ஒப்பாரி எழுதிக்கினு கீறா. இம்மா நீளம்," என்று கையை விரித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

"நான் பாக்கலியே," என்றார் என் கணவர்.

"அதுக்குள்ள தூக்கிட்டன்ல. நீ படிச்சிருந்தினா அழுதிருப்ப அண்ணாத்த."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க புக்கு எழுதறீங்களாமே? அண்ணாத்த சொல்லிகினே இருப்பாரு. எத்தினி புக்கு?"

"ரெண்டு."

"அட்டை மேல உங்க பேரு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"பெருசாவா?"

"நடுத்தரமா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குலாம் எங்கியும் பேரு இல்ல அண்ணி. எம்மாம் எழுதிக்கிறேன். படிக்கறவன் படிச்சிட்டு, போயி அடிச்சிட்டு, நான்தான் அடிச்சேன்னு சொல்லிக்கிறான். எவன் எழுதனதுன்னு ஒருத்தனும் கேக்கறதில்ல," என்றாள்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். தினமும் தலைவாரும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். அவள் என்மேல் பொறாமைப்படுகிறாள்! இது ஒரு நல்ல கதையாக இருந்தால் இந்த இடத்தில் நான் உருகியிருக்க வேண்டும். அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். இருவரும் கடலைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கோ, உள்ளே ஒரு சின்னக் குஷி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தி என் அட்டையைப் பார்த்து ஏங்குகிறாள். இன்னொரு துண்டு மீன் வாங்கினேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள். "அண்ணாத்த, நீ எல்லாத்தியும் படிச்சிருப்பல்ல? எப்படி கீது, நல்லா கீதா?"

மேஜையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தேன்.

என் கணவர் மீன் முள்ளை நிதானமாக எடுத்து ஓரத்தில் வைத்தார்.

"புக்கு வூட்லதான கீது," என்றார்.

6

வீட்டில்தான் இருக்கிறது.

இதற்கு என்ன பொருள்? வீட்டில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், அதனால் படிக்கவில்லை என்றா? வீட்டில்தானே இருக்கிறது, படிக்காமல் இருப்பேனா என்றா? அதைப்பற்றி இங்கே எதற்குப் பேச்சு என்றா? வண்டியில் திரும்பி வரும்போது அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதுகிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, வாசகரே. சாம்பார் எப்படியிருக்கிறது என்றால் நல்லாகீது என்பார். உப்பே போடாத சாம்பாருக்கும் அதே நல்லாகீதுதான். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. எதிரே இருப்பவர் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காதவர். என் கதைகளைப் படித்தீர்களா என்று கேட்டால், படிச்சேன், நல்லாகீது என்பார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எனக்கு அவர் வாயிலிருந்து பதில் வேண்டாம். அவருக்கே தெரியாமல் பதில் வெளியே வர வேண்டும். அதற்கு எந்த ஆயுதம் என்பதுதான் கேள்வி.

7

இன்றைக்கு ஞாயிறு. நான் இனிமேல் எழுதப்போவது நடந்து முடிந்தது இல்லை, நடந்துகொண்டிருப்பது.

வல்லத்தான் ஏழாவது கோட்டையின் கடைசி அறை வாசலில் நிற்கிறான். உள்ளே உப்பரசன் இருக்கிறான். அந்த அறைக்குள் ஒருவர்தான் போகலாம், டீம் வெளியே நின்றுவிட வேண்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காருகிறேன் என்று என் கணவர் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மட்டன் எடுத்து வந்து கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். சாராளுக்கு இன்று லேப்பில் டியூட்டி, போனை வெளியே வைத்துவிடச் சொல்வார்களாம். நேற்றுத்தான் உப்பரசனைப் பற்றி எழுதிப் போட்டிருந்தாள். இவர் இன்னும் பார்க்கவில்லை. ஆடப்போகும் நேரத்தில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பது இவர் வழக்கம்.

சாராள் எழுதியிருந்தது:

"உப்பரசன். கல் மாதிரி நிற்பான். கல் இல்லை. சம்மட்டியால் அடித்தால் இரண்டாகப் பிளப்பான். இரண்டும் வளரும். நீ செத்தாய். தண்ணீர் மந்திரம் ஏற்றிய அம்பு. தள்ளி நில். கரைந்து முடியும்வரை விடாதே."

குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பாத்ரூமில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் 'வாசகி'யாக உள்ளே போய், அவள் எழுதியதை எடுத்துவிட்டு, இப்படி எழுதினேன்:

"உப்பரசன். கல் இனம். சம்மட்டி போதும். நெஞ்சில் அடி. அடிக்கும்போது அவன் உன்னைப் பார்க்க மாட்டான். வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். வர வேண்டியவர் யாரோ இன்னும் வரவில்லை என்பதுபோல."

முதல் நான்கு வாக்கியம் சாராள் மாதிரி வந்துவிட்டது. அவள் மாதிரி எழுதுவது ஒன்றும் கஷ்டமில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினால் போதும். ஐந்தாவது வாக்கியத்தில் கை தானாகப் போய்விட்டது. கடைசி மூன்று வரியையும் அழித்தேன். அழித்ததும் அவன் வெறும் உப்புக் குவியலாகிவிட்டான், முட்டுக்காடு பக்கம் பஸ்ஸிலிருந்து பார்ப்போமே அப்படி. மறுபடி எழுதினேன். என் கதைகளை வெளியிடும் பத்திரிகையின் ஆசிரியர் ஜெபகுமார் ஒருமுறை போனில் சலித்துக்கொண்டார்: "மேடம், உங்க கதையில எல்லாரும் வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. யாராவது ஒருத்தர் ஒரு தடவை உள்ளே திரும்பினா என்ன?" உண்மைதான். இரண்டு தொகுப்பிலும் அப்படித்தான். என்னை ஒரு பக்கம் படித்தவருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

அந்த நொடியில்தான் எனக்கு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதே புரிந்தது. சத்தியமாக, அதுவரை வெறும் வயிற்றெரிச்சல்தான். அவள் கையேடு பொய்யாகட்டும், அவர் ஒருமுறை அவளை நம்பி ஏமாறட்டும், அவ்வளவுதான். அந்த மூன்று வரி வந்து உட்கார்ந்ததும் விஷயம் வேறாகிவிட்டது. அவர் என்னைப் படித்திருந்தால், இதைப் பார்த்தவுடன் இது பிரதீபா என்று தெரிந்துகொள்வார். சம்மட்டியைத் தொடமாட்டார். நான் கையும் களவுமாகப் பிடிபடுவேன். படிக்கவில்லை என்றால், வல்லத்தான் சம்மட்டியோடு உள்ளே போவான்.

சேமித்துவிட்டேன்.

8

இந்தக் கதைக்கு என்னிடம் சில முடிவுகள் தயாராக இருக்கின்றன. கடைக்காரர் புடவை விரிப்பதுபோல விரிக்கிறேன், பாருங்கள்.

ஒன்று. அவர் படிக்கிறார், சிரிக்கிறார். "பிரதீபா, உன் வேலையா இது?" என்கிறார். நான் அழுகிறேன். அவர் எழுந்து வந்து, முதல் தொகுப்பில் மூன்றாவது கதையிலிருந்து ஒரு வரியை அப்படியே

[இல்லை. இது எனக்கு வேண்டிய முடிவு. எழுத்தாளர் தனக்கு வேண்டியதைத் தானே பரிமாறிக்கொண்டால் பந்தியில் இருப்பவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.]

இன்னொன்று. அவர் சம்மட்டியை எடுக்கிறார், உப்பரசன் பிளக்கிறான், இரண்டாகிறான், வல்லத்தான் விழுகிறான். அவர் டிவியை அணைத்துவிட்டுப் பால்கனியில் போய் நிற்கிறார். அவருடைய அப்பா இரண்டாவது தடவை

[இதோடு நிறுத்திவிட்டேன். அந்தக் காட்டு வழியில் அவன் நடந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.]

மற்றொன்று. சாராள் டீ குடிக்க வெளியே வருகிறாள், போனைப் பார்க்கிறாள், பக்கத்தைச் சரிசெய்கிறாள். எல்லோரும் பிழைக்கிறார்கள். எனக்கு ஒன்றுமே தெரியாமல் போகிறது. அவர் கடைசிவரை அவளைத்தான் படிக்கிறார்.

[இது மோசம். வல்லத்தான் பிழைப்பதைப் போய் மோசம் என்று எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டேன் என்பதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.]

இப்போதுகூட அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பழையபடி மாற்றிவிடலாம். அரை நிமிட வேலை. விரலைக் கொண்டுபோனேன். ஆனால் அவர் ஈரத்தலையோடு வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பரிமாற வேண்டியிருந்தது. (இந்தச் சாக்கை நீங்கள் நம்பவில்லை. சரி.)

மட்டன் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "நல்லாகீது," என்றார்.

9

சாப்பிட்டாயிற்று. அவர் கை கழுவிவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் டைனிங் டேபிளில் லேப்டாப்போடு இருக்கிறேன். என்னிடமிருந்து பார்த்தால் அவருடைய பின்னந்தலையும் ஒரு காதும்தான் தெரிகின்றன. திரையில் வல்லத்தான் அறை வாசலில் மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கிறான். முதுகில் சம்மட்டியும் இருக்கிறது, அம்பறாத்தூணியும் இருக்கிறது. எதை எடுப்பது என்று சொன்னால் எடுத்துக்கொள்வான், பாவம்.

அவர் செல்போனை எடுத்தார். பக்கத்தைத் திறந்தார்.

சத்தமாகப் படிப்பார் என்று நினைத்தேன். படிக்கவில்லை.

அவருடைய கட்டைவிரல் மேலே போகிறது, கீழே வருகிறது. மறுபடி மேலே போகிறது. நாலு வரியைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. ஃபேன் சுற்றுகிறது. கீழே யாரோ கார் கழுவுகிறார்கள். நான் தட்டச்சு செய்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது.

"பிரதீபா," என்றார், திரும்பாமல்.

"ம்."

"இது சாராள் எழுதனதா?"

கேள்வி இவ்வளவுதான். குரலில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. வால்வு ஏதாவது கசிந்தால் கேட்பாரே, அந்த மாதிரி ஒரு நிதானம். சாராள் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. யார் என்று தோன்றியதா? தோன்றித்தான் என்னைக் கேட்கிறாரா, இல்லை, பக்கத்தில் இருப்பது நான் மட்டும்தான் என்பதால் கேட்கிறாரா?

'இல்லை, நான்தான்' என்று சொன்னால் வல்லத்தான் பிழைத்துவிடுவான். ஆனால் நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது என்றாகிவிடும். சொல்லாமல் இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அவரே சொல்லக்கூடும். இந்த வரியை எனக்குத் தெரியும் என்று. அதைக் கேட்கத்தான் நான் இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. அவர் சொல்லாமலும் போகலாம். தோளைக் குலுக்கிவிட்டு, சம்மட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம்.

அவர் செல்போனைப் பக்கத்தில் வைத்துவிட்டார். கன்ட்ரோலரைக் கையில் எடுத்துக்கொண்டார். எந்தப் பட்டனையும் இன்னும் அழுத்தவில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன், நின்றபடிதான் இதைத் தட்டுகிறேன். வாயைத் திறக்கவில்லை. அவரும் திரும்பவில்லை. நீங்களாக இருந்தால் இன்னும் எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள்?